உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்

"தம்பி முர்ஷித், எழும்பி வாங்க! உங்கட மட்டியெல்லாம் வாசலுக்கு வந்திரிக்கி!"

வீட்டுக்காரி முனவ்வறா ராத்தா கூப்பிட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். முர்ஷித் வாயில் பற்பசையோடு ஓடிவந்து முன்கதவைத் திறந்தான். படியில் மட்டி. வாளியில் மட்டி. ஐஸ்கிறீம் டப்பாவில் மட்டி. யாரோ ஒரு புண்ணியவான் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் கூட, மூடி போட்டு, மட்டி கொண்டுவந்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் ஓட்டிலும் சிவப்பாக ஒரு புள்ளி.

"யா அல்லாஹ்!" என்றான் முர்ஷித். பற்பசை சட்டையில் ஒழுகியது.

"சுபஹ் தொழுகை முடிஞ்ச கையோட வரத் தொடங்கின சனம். இன்னும் நிக்கல்ல," என்றாள் ராத்தா, வாசல் கூட்டுகிற தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு. "எனக்கு ஒண்டு விளங்கல்ல தம்பி. கல்முனை பஸாருக்குப் போய் ஒரு டசின் நகப்பூச்சு வாங்கினீங்க. கலியாணமாக்கும் எண்டு நானும் சந்தோசப்பட்டன். பாத்தா மட்டிக்குப் பூசிறீங்க. பூச்சுக்குள்ளால தண்ணி போகாது, தொழுகைக்கு வுழு எடுக்க ஏலா எண்டு நாங்களே பூசிறல்ல."

"மட்டி தொழப்போறல்லயே, ராத்தா."

"அதுவும் சரிதான். என்னத்துக்குப் பூசின?"

முப்பத்தெட்டு வயதில், ஒப்பந்தச் சம்பளத்தில், கடலோரத்து உப்புநீர்க் களப்புக் களப்பாகப் போய் மட்டி எண்ணுவது முர்ஷித்தின் வேலை. அதை விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தியே பாதி வயது போய்விட்டது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னான்.

"ராத்தா, ஒரு மூட்டை வெள்ளையரிசி இரிக்கி. எவ்வளவெண்டு தெரியா. அதுக்குள்ள ஒரு சுண்டு சிவப்பரிசிய எண்ணிப் போட்டு நல்லாக் கலக்கிறம். மறுகா ஒரு கை அள்ளிறம். கையில சிவப்பு கனக்க வந்தா?"

"மூட்டை சின்னன்."

"ஒண்டு ரெண்டுதான் வந்தா?"

"மூட்டை பெரிசு. இது தெரியாதா?"

"அதுதான் என்ட வேலை. ஐந்நூறு மட்டிக்குச் சிவப்பு பூசிக் களப்புல விட்டன். இண்டைக்குப் பொம்புளைகள்ற சட்டியில எத்தின சிவப்பு வருது எண்டு பாத்து, களப்புல மொத்தம் எவ்வளவு மட்டி இரிக்கி எண்டு கணக்குப் போடணும். இப்ப சனம் சிவப்ப மட்டும் தேடிப் பொறுக்கிக் கொண்டுவந்து தந்திட்டா..."

முனவ்வறா ராத்தா கன்னத்தில் கை வைத்தாள். "மூட்டையே இல்லாமப் போகுது!"

எண்ணிப் பார்த்தால் நானூற்று எழுபத்தொன்று. மருதமுனைப் பக்கத்துச் சனத்தின் நேர்மையை அன்றைக்குத்தான் முர்ஷித் மனதாரச் சபித்தான்.

சங்கதி இதுதான். முதல்நாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு அறிவித்தல் போயிருக்கிறது. 'ஓட்டில் சிவப்பு நிறம் பூசப்பட்ட மட்டிகள் முர்ஷித் சேருக்கு உரியவை. கண்டெடுத்தவர்கள் அவரிடம் ஒப்படைக்கவும். பிறர் பொருள் நமக்கு ஹலால் இல்லை.' முர்ஷித் அந்த நேரம் கல்முனையில் வாளி வாங்கிக்கொண்டிருந்தான்.

அந்த ஊரில் எது தொலைந்தாலும் பள்ளியில் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஆடு, அடையாள அட்டை, மோட்டார் சைக்கிள் திறப்புக்கொத்து, ஒற்றைச் செருப்பு, எல்லாம் மஃரிப் தொழுகைக்குள் திரும்பி வந்துவிடும். திரும்பி வராதது ஒன்றே ஒன்றுதான். மட்டியின் அகலம் அளக்கிற முர்ஷித்தின் இடுக்கி. அலுவலகச் சொத்து, துருப்பிடிக்காத உருக்கு. வந்த முதல் கிழமையே களப்புக் கரையில் காணாமல் போயிற்று. மூன்று நாள் அறிவித்தும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அடிமட்டம் ஒன்றை வைத்துத்தான் அவன் காலம் ஓட்டினான்.

நேரே பள்ளிவாசலுக்குப் போனான். பாங்கு சொல்லி அறிவித்தலும் வாசிக்கிற மோதினார் கச்சிமுகம்மது, வுழு எடுக்கும் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மோதினார் காக்கா, அந்தத் துண்ட ஆரு தந்த?"

"பேர் சொல்லுற வழக்கம் இல்ல, தம்பி. கண்டெடுத்துக் குடுக்கிறது நன்மையான காரியம். பேர் வெளியில வந்தா நன்மை குறைஞ்சிரும்."

"என்ட வேலையே நாசமாப் போச்சி, காக்கா!"

"அதுக்கும் நன்மை கிடைக்கும். பொறுமைக்கு," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி தொட்டியைத் தேய்த்தார்.

மட்டக்களப்பு மீன்பிடி அலுவலகத்திலிருந்து மேலதிகாரி புண்ணியமூர்த்தி தொலைபேசியில் சிரித்த சிரிப்பு, ஸ்பீக்கர் போடாமலே முனவ்வறா ராத்தாவுக்குக் கேட்டது.

"ஐந்நூறு விட்டு நானூத்தி எழுபத்தொண்டு திரும்பி வந்திட்டா? அப்ப அந்தக் களப்பில மொத்தமே ஐந்நூத்திச் சொச்ச மட்டிதான் எண்டு எழுதட்டே?" சிரிப்பு சட்டென்று நின்றது. "முர்ஷித், விளையாட்டில்ல. முப்பதாந் திகதிக்குள்ள சரியான எண்ணிக்கை வராட்டி, கையிருப்பு தெரியாத களப்பு எண்டு சொல்லி ஒரு வருசத்துக்குப் பூட்டிப் போடுவாங்கள். ஒரு மட்டி எடுக்க விடமாட்டாங்கள். இத அந்தப் பொம்பிளைகளுக்குச் சொல்லிப் போடாதேயும். சொன்னா பூட்ட முந்தி முழுக்கக் கிண்டி எடுத்துப் போடுவினம். திரும்பப் பூசும்."

முர்ஷித் திரும்பப் பூசினான். இந்தத் தடவை ஊதா. பூசிக்கொண்டே களப்புக் கரையைப் பார்த்தான். அங்கேதான் அவனுடைய உண்மையான கஷ்டம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது.

பஸ்மிலா.

தலைத்துண்டை இறுக்கிக் கட்டி, அலுமினியச் சட்டியைக் கயிற்றால் இடுப்போடு பிணைத்து மிதக்கவிட்டு, சேற்றுக்குள் காலால் தடவித் தடவி மட்டி எடுப்பாள். குனிந்து எடுக்கும்போதெல்லாம் கரையைப் பார்ப்பாள் என்று முர்ஷித்துக்கு ஒரு நினைப்பு. நினைப்புத்தான். பார்த்தாளா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது; அவன் அந்த நேரம் எப்போதும் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன் அவளுடைய வாப்பா ஸைனுலாப்தீன், மருதமுனையிலிருந்து முர்ஷித்தின் ஊரான ஒலுவிலுக்கு இரண்டு பெரியவர்களோடு மாப்பிள்ளை கேட்டு வந்தார். அந்தப் பக்கத்தில் பெண் வீட்டார்தான் கேட்டு வருவார்கள். மாப்பிள்ளைதான் பெண்ணுக்குக் கொடுக்கிற வீட்டுக்குக் குடிபோக வேண்டும். முர்ஷித் ஒரு கலியாண வீட்டில் பஸ்மிலாவை ஒரே ஒரு தடவை கண்டிருந்தான். அந்த ஒரு தடவையிலேயே அவன் முடிந்துபோனான். பெரியவர்கள் கதைக்கும்போது திரைச்சீலைக்குப் பின்னால், பெண்பிள்ளை மாதிரி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வீட்டு வேலை முடிஞ்சா?" என்று அவனுடைய உம்மா கேட்டார்.

"சுவர் எழும்பிட்டு. கூரை மட்டும்தான் மிச்சம். வெள்ளாமை வெட்டின கையோட போட்டிருவன், இன்ஷா அல்லாஹ்."

"கூரையில்லாத வீட்டுக்கா என்ட மகன அனுப்புற?"

அவ்வளவுதான். தேத்தண்ணி குடிக்காமலே ஸைனுலாப்தீன் எழும்பிப் போனார். 'எனக்குக் கூரை வேணாம் உம்மா, ஓலை போட்டுக்கொண்டு இருப்பன்' என்று சொல்ல முர்ஷித்துக்கு வாயில் வார்த்தை இருந்தது. வெளியே வரவில்லை. பன்னிரண்டு வருசமாக அந்த வார்த்தை அங்கேயேதான் இருக்கிறது. பஸ்மிலாவை வேறு ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அவன் சவூதிக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு இருந்துவிட்டான். அவள் கலியாண வழக்குப் பார்க்கிற காதியாரிடம் போய் விடுதலை வாங்கிக்கொண்டு களப்பில் இறங்கினாள். முர்ஷித்தின் உம்மா வந்த மாப்பிள்ளைக் கேள்விகளையெல்லாம் ஒவ்வொரு நொட்டை சொல்லித் தட்ட, கடைசியில் கேட்டு வருவதற்கே ஆளில்லாமல் போனது.

இப்போது, எந்த ஊரில் மட்டி எண்ணக் கிடைத்திருக்கிறது பாருங்கள்! வந்து இரண்டு மாதமாகிறது. அவளுடைய வீட்டுத் தெருவால் போகக்கூட அவனுக்குத் தைரியமில்லை. முதல்நாள் அவள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி.

"ஒலுவில் முர்ஷித் சேரா?"

"ஓம்."

"சரி," என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

அவளைத் 'தங்கச்சி' என்று கூப்பிட அவனுக்கு நாக்கு எழவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட உரிமை இல்லை. ஆகவே இரண்டு மாதமும் 'இஞ்ச பாருங்க' என்றே கூப்பிட்டான். மட்டி எடுக்கிற பதினெட்டுப் பெண்களில் எழுத்து வேகமாக ஓடுகிறவள் அவள்தான் என்பதால், ஒவ்வொருவரும் எடுத்த மட்டிக் கணக்கை எழுதும் தாள்களை அவளிடம்தான் கொடுத்தான்.

"தாள் முடிஞ்சி சேர். இன்னும் பத்துத் தாங்க."

"போன கிழமைதானே இருவது தந்தன்?"

"ஈரக்கை. நனைஞ்சி போகுது."

பத்தென்ன, அவள் கேட்டால் அலுவலகத்தையே தூக்கிக் கொடுத்திருப்பான்.

ஊதாப் புள்ளி போட்ட மட்டிகளைக் களப்பில் விட்ட அன்று முர்ஷித் எல்லாப் பெண்களையும் கூட்டி வைத்துச் சொன்னான்: "ஊதாவக் கண்டாலும் காணாத மாதிரி இரிங்க. தேடவும் வேணாம், விலக்கவும் வேணாம். வழமையா எடுக்கிற மாதிரி எடுங்க. வாற திங்கள் உங்கட சட்டிகளப் பாப்பன்."

பஸ்மிலா கேட்டாள்: "நாங்க தண்ணியில இறங்கி உழக்கிறது உங்கட வேலைக்கு இடைஞ்சலா, சேர்?"

அவள் நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டதில் முர்ஷித்துக்கு இருந்த கொஞ்ச அறிவும் கலங்கிவிட்டது.

"இடைஞ்சல்... இல்ல... எண்டாலும்... ஒரு விதத்துல..."

"விளங்கிட்டு, சேர்."

திங்கட்கிழமை காலை முர்ஷித் தராசு, அடிமட்டம், கொப்பியோடு கரைக்குப் போனான். ஒரு குஞ்சு குருமான் இல்லை. ஒரு கொக்கு மட்டும் நின்றது. எட்டு மணியானது. ஒன்பது மணியானது. கொக்கும் பறந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது முனவ்வறா ராத்தா பெருமையோடு நின்றாள்.

"எப்பிடித் தம்பி, நிம்மதியா வேல செஞ்சீங்களா? நேத்து நீங்க கல்முனைக்குப் போன நேரம், அஸருக்குப் பொறகு அறிவிச்சாங்க. 'முர்ஷித் சேரின் வேலைக்கு இடைஞ்சல் இல்லாதவாறு நாளை யாரும் களப்பில் இறங்க வேண்டாம்' எண்டு. நான் கோழியக் கூட அந்தப் பக்கம் விடல்ல."

"ராத்தா! அவங்கட சட்டிய வெச்சித்தானே கணக்கு! உண்மையச் சொல்லுங்க. துண்டு எழுதிக் குடுக்கிறது நீங்கதானே?"

"வல்லாஹி நானில்ல! எனக்குக் கையெழுத்துப் போடவே அரை மணித்தியாலம் செல்லும். நான் எங்க எழுதிற?"

ஊர் முழுக்க அவனுக்கு உதவி செய்யத் துடித்தது. அந்த உதவியிலிருந்து தப்ப வழி தெரியாமல் அவன் துடித்தான். மறுநாள் கரையில் பெண்களைக் கண்டதும், வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான்.

"ஒருத்தரும் வராம இருந்தா நான் என்னத்த எண்ணுற? எல்லாரும் வரணும்! ஒருத்தர் ரெண்டு பேர் வந்து காணாது. எல்லாரும் வந்தாத்தான் கணக்கு!"

"எல்லாருமா, சேர்?" என்றாள் பஸ்மிலா, பேனாவைத் தாளில் வைத்தபடி.

"ஓம். எல்லாரும்!"

இந்தத் தடவை நிறம் றோஸ். கல்முனைக் கடைக்காரர் எதுவும் கேட்காமலே போத்தல்களைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, "அல்லாஹ் உங்களுக்கு நல்ல வழியக் காட்டட்டும்" என்றார்.

ஒரு கிழமை கழித்து முர்ஷித் கரைக்குப் போனபோது, தூரத்திலிருந்து பார்க்க கந்தூரிக் கூட்டம் மாதிரி இருந்தது. கைத்தறியை விட்டுவிட்டு நெசவாளர்கள் வந்திருந்தார்கள். ஓட்டோக்காரர்கள் ஓட்டோவோடு வந்திருந்தார்கள். இளைப்பாறிய அதிபர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றார். ஒருத்தர் கடற்கரையில் பொறுக்கியதைக் கொண்டுவந்தார். இன்னொருத்தர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து விறைத்துப் போனதைக் கொண்டுவந்தார்.

"என்னத்துக்கு இவ்வளவு சனம்?" என்று முர்ஷித் அலறினான்.

"நேத்து நீங்க ஊருல இல்லாத நேரம் அறிவிச்சாங்களே, சேர். 'முர்ஷித் சேருக்கு உதவியாக ஊரவர் எல்லாரும் களப்புக்கு வருகை தரவும்' எண்டு!"

தடித்த மனிதர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையில் இருந்த பையை முகம் மலர நீட்டினார். "சேர், நீங்க தனிய கஷ்டப்படுறீங்க எண்டு, நானும் பொண்டாட்டியும் சேந்து ஒரு நூறு மட்டிக்குப் பூசிக் கொண்டுவந்தம். அதே றோஸ்!"

முர்ஷித் அந்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

"இந்தக் கணக்குப்படி," என்றார் புண்ணியமூர்த்தி அன்று தொலைபேசியில், "அந்தக் களப்பில தண்ணிய விட மட்டி கூட. இண்டைக்கு இருவத்தொண்டு. ஒன்பது நாள் இருக்கு. பூட்டுறதுக்குக் கடிதம் அடிச்சு வெச்சிட்டாங்கள் முர்ஷித், கையெழுத்துத்தான் மிச்சம்."

சனமெல்லாம் கலைந்த பிறகு கரை கலங்கிக் கிடந்தது. பஸ்மிலா மட்டும் ஓரமாக நின்று சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பூட்டினால் இவள் நாளைக்கு எங்கே போவாள்? இந்தப் பதினெட்டுப் பேரும் எங்கே போவார்கள்? ஒரு தடவை அவளைக் கூரையைச் சொல்லித் தட்டினார்கள். இப்போது களப்பையும் பறித்துக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறவன் அவன்தான். அதிகாரி சொன்னதெல்லாம் காற்றில் போகட்டும் என்று எழும்பினான்.

"இஞ்ச பாருங்க..."

"சொல்லுங்க, சேர்."

"முப்பதாந் திகதிக்கு முந்தி நான் சரியான கணக்கு அனுப்பணும். அனுப்பாட்டி களப்ப ஒரு வருசத்துக்குப் பூட்டுவாங்க. ஒருத்தரும் இறங்க ஏலா."

சட்டி அவள் கையிலிருந்து நழுவியது. அதை எடுக்கக்கூடக் குனியாமல் நின்றாள்.

"பூட்டுறதா? ஒரு வருசமா?" அவளுடைய முகத்தில் இரத்தமில்லை. "இத ஏன் முந்திச் சொல்லல்ல?"

"சொல்லக்கூடா எண்டு கட்டளை."

"ஆராவது சொல்லக்கூடா எண்டு கட்டளை போட்டா, நீங்க வாய் தெறக்க மாட்டீங்க. அப்பிடித்தானே, சேர்?"

இது மட்டியைப் பற்றிய கதை இல்லை என்று முர்ஷித்துக்கு விளங்கியது. பன்னிரண்டு வருசமாகத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றவன், விழுந்த சட்டியைக் குனிந்து எடுத்து நீட்டினான்.

அவள் அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஒன்பது நாள் இரிக்கிதானே? பூச்சுப் போத்தல எடுங்க. இந்தத் தரம் பிழைக்காது."

பிழைக்கவில்லை! அன்று பின்னேரமே பதினெட்டுப் பெண்களும் முனவ்வறா ராத்தாவின் முற்றத்தில் கூடினார்கள். முர்ஷித் மூன்று நாள் பூசுகிற ஐந்நூறு மட்டியை இரண்டு மணித்தியாலத்தில் பச்சை பூசி முடித்தார்கள். "காலம் போன காலத்துல நகப்பூச்சுப் பூசக் கிடைச்சிச்சே" என்று ஒரு கிழவி சிரித்தாள். முர்ஷித் மட்டிகளைக் களப்பு முழுவதும் பரவலாக விட்டான். ஒரு கிழமை முழுக்கப் பள்ளி ஒலிபெருக்கியில் சாவுச் செய்தி சொல்லும் ஜனாஸா அறிவித்தலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஒரு பச்சை மட்டி கூட வாசலுக்கு வரவில்லை. இருபத்தொன்பதாந் திகதி காலை, பதினெட்டுச் சட்டிகள் கரையில் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் பஸ்மிலா சத்தமாக எண்ண, முர்ஷித் எழுதினான்.

நாலாயிரத்து இருநூறு மட்டி. அதில் பச்சை பதினாலு.

முர்ஷித் பெருக்கிப் பிரித்தான். திரும்பவும் பெருக்கிப் பிரித்தான். "ஒண்டரை லெட்சம்," என்றான். "களப்புல ஒண்டரை லெட்சம் மட்டி இரிக்கி. பூட்டத் தேவையில்ல!"

பெண்கள் கைதட்டினார்கள். மறுநாள் புண்ணியமூர்த்தியே அழைத்தார். சின்ன மட்டியைத் திரும்பத் தண்ணீரில் விடவேண்டும், முட்டையிடுகிற காலத்தில் இரண்டு மாதம் கை வைக்கக்கூடாது, மற்றபடி களப்பு திறந்தே இருக்கும். "நல்ல வேலை முர்ஷித். நாளையிண்டைக்குப் புத்தளம் போறீர். அங்க ஒரு களப்பு, இத விட நாலு மடங்கு. மூண்டு தரம் ஏன் பிழைச்சது எண்டு ஒரு விளக்கக் கடிதமும் வேணும். அந்த அறிவித்தல் துண்டுகளையும் வாங்கி இணைச்சு அனுப்பும். இடுக்கி துலைஞ்சதுக்கும் ஒரு கடிதம்."

கணக்குச் சரியாக வந்ததற்காக ஒரு மனிதன் அழுவானா? முர்ஷித் அழுதான். கிணற்றடியில் நின்று, வாளியில் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் ஊற்றிக்கொண்டு அழுதான். பிழைத்த மூன்று கணக்குத்தான் அவனுக்கு மூன்று கிழமை தந்தது. சரியாக வந்த ஒரு கணக்கு அவனைப் புத்தளத்துக்கு அனுப்புகிறது. அவன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான். இனி அவளைக் காண அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

புறப்படுகிற அன்று கரைக்குப் போனான். பஸ்மிலா அன்றைக்கு வரவில்லை. மற்றப் பெண்கள் கை காட்டினார்கள். முனவ்வறா ராத்தா மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரு போத்தல் மாசிச் சம்பல் கட்டிக் கொடுத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு முன்னால் துண்டுகளை வாங்குவோம் என்று பள்ளிவாசலுக்குப் போனான்.

மோதினார் கச்சிமுகம்மது வாசற்படியில் இருந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். முர்ஷித்தைக் கண்டதும் முதலில் பெட்டியைத்தான் பார்த்தார்.

"போறீங்களா, தம்பி?"

"ஓம், காக்கா. புத்தளம். அந்த மூணு அறிவித்தல் துண்டும் இரிந்தாத் தாங்க. அலுவலகத்துக்கு அனுப்பணும்."

மோதினார் உள்ளே போய், கண்டெடுத்த திறப்புகளும் ஒற்றைத் தோடுகளும் கிடக்கிற தகரப் பெட்டியைக் கிளறி, மூன்று துண்டையும் எடுத்து வந்து கொடுத்தார்.

முர்ஷித் வாங்கிப் பையில் வைக்கப் போனான். தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டிருந்தது. சட்டி இலக்கம், மட்டி எண்ணிக்கை, அளவு. அவனுடைய தாள்கள்! மூன்றும். 'ஈரக்கை. நனைஞ்சி போகுது.' ஒரு துண்டில் கூட ஒரு சொட்டு ஈரம் பட்ட அடையாளம் இல்லை. முன்பக்கம் திருப்பினான். இரண்டு மாதமாகத் தினமும் பார்த்த, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்த அதே கையெழுத்து.

அவன் படியில் உட்கார்ந்தான். பெட்டி சரிந்து விழுந்தது.

"காக்கா... இது..."

"பேர் சொல்லுற வழக்கம் இல்ல எண்டு சொன்னேனே," என்றார் மோதினார். "ஒண்டு மட்டும் சொல்லிறன். ஒவ்வொரு தரமும் நீங்க எண்ணி முடிச்சுப் போறதுக்கு முந்தின நாள்தான் வந்திச்சி." அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். கூடவே நாலாக மடித்த இன்னொரு தாளையும் எடுத்தார். "ஆனா இந்தத் துண்டுல பேர் போட்டிரிக்கி. நேத்துத் தந்த. நீங்க பெட்டியோட வந்தா மட்டும் வாசிக்கச் சொல்லி. மைக் வேணாமாம், உங்களுக்கு மட்டும்."

பிறகு அவர், ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிற மாதிரியே எழும்பி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"அறிவித்தல். களப்புக் கரையில் கண்டெடுக்கப்பட்ட மட்டி அளக்கும் இடுக்கி ஒன்று ஸைனுலாப்தீன் மகள் பஸ்மிலாவிடம் உள்ளது. உரியவர் தன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து பெற்றுக்கொள்ளவும். வீட்டுக்கு இப்போது கூரை போட்டாயிற்று."